மெதுவா ஓடு தம்பி என்று நான்தான் சொன்னேன்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மாநிலப் போட்டியில் என் மகன் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். இரண்டாவதாக வந்த பையனுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு வேனை நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி. ஆனால் பதக்கம் கிடைக்கவில்லை. அளவுக்கு மேல் வேகமாக ஓடிவிட்டான் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் ஏதோ அரசியல் நடந்திருக்கிறது என்கிறார்கள். அரசியல் ஒன்றுமில்லை. தப்பு என்மேல்தான். யாராவது முன்கூட்டியே பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். திண்டுக்கல்லில் ஒரு சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். நான் நூற்பாலை அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். அவனுடைய அப்பா வேலைக்காக வெளியூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். ஆக, போட்டி விஷயத்தில் நானும் தம்பியும் மட்டும்தான். 2023இல் பெர்லினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டியில் இந்தியா 202 பதக்கம் வாங்கியது, அதில் 76 தங்கம். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை அவன் அப்பா போனில் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரே வரி: “நம்ம பயலும் நல்லா ஓடுவான்ல?” அங்கே ஆரம்பித்தது.

முதல் குழப்பம் பெயரில். அடுத்த வருடம் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் தெலங்கானாவைச் சேர்ந்த தீப்தி ஜீவன்ஜி 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். அவரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர், டி20 என்ற பிரிவு. “அந்தப் பொண்ணு போகுது, நீயும் விண்ணப்பம் போடு” என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் இரண்டு மாதம் பாராலிம்பிக்ஸ் என்று தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டும் வேறு வேறு. பாராலிம்பிக்ஸில் யார் வேகமோ அவருக்குப் பதக்கம், அதற்குத் தகுதிநேரம் எல்லாம் உண்டு. 2000இல் சிட்னியில் குறைபாடே இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்பெயின் கூடைப்பந்து அணி தங்கம் வாங்கி மாட்டிக்கொண்டது. அதன் பிறகு இந்தப் பிரிவையே நிறுத்தி வைத்திருந்து, 2012 லண்டனில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். சான்றிதழைத் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அப்படி இல்லை. எட்டு வயது முடிந்த, அறிவுசார் குறைபாடு உள்ள யாரும் போட்டியிடலாம். மேல் வயது வரம்பு கிடையாது. இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பழக்கம் மட்டும் உண்டு, போட்டி இல்லை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று முதலிலேயே தெளிவாக இருந்திருந்தால் எனக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். “கோடைக்கால விளையாட்டு” என்று படிவத்தில் பார்த்துவிட்டு, போட்டி மே மாதம்தான் நடக்கும், பள்ளி லீவில் பழக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோடை என்பது வெயிலைக் குறிப்பதில்லை. தடகளம், நீச்சல், கால்பந்து, போச்சே என்கிற பந்து உருட்டும் விளையாட்டு போன்றவை கோடைப் போட்டி, பனிச்சறுக்கு வகையறா குளிர்காலப் போட்டி, அவ்வளவுதான். எங்கள் மாநிலப் போட்டி ஜனவரியில் வைத்தார்கள். குறைந்தது எட்டு வாரப் பயிற்சி வேண்டும் என்பார்கள். எனக்குத் தகவல் வந்தபோது ஆறு வாரம்தான் இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் இரண்டு வாரம் கால்பந்தில் போனது. தம்பிக்குப் பந்து என்றால் உயிர். பள்ளியில் அணியில் சேர்த்துவிட்டார்கள், ஜெர்சிகூட தைத்தாகிவிட்டது. மருத்துவப் படிவத்தை நிரப்பும்போதுதான் டாக்டர் கழுத்து எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டார். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்குமாம். அப்படி இருந்தால் தலையில், கழுத்தில் அடி விழும் விளையாட்டுகள் ஆகாது. கால்பந்து, உயரம் தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ், குதிரையேற்றம், நீச்சலில் பட்டர்ஃபிளை, மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து தொடங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறது. கழுத்தை முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்த்து ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்தோம். இணைப்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. டாக்டர் கால்பந்து வேண்டாம் என்றுவிட்டார். ஜெர்சியைக் கழற்ற மாட்டேன் என்று மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான். எனக்கு அழுகையைவிடப் பயம்தான் அதிகம். இத்தனை வருடம் தெருவில் பந்தைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தானே!

இப்போதெல்லாம் எக்ஸ்ரேயைவிட அறிகுறிகளுக்குத்தான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறார்கள். நடை திடீரென மாறுவது, கை கால் மரத்துப்போவது, கழுத்து வலி, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளை வைத்திருப்பவர்கள் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஜெர்சி தைத்த பிறகு போகாதீர்கள்.

சரி, ஓட்டம் என்று முடிவானது. நூறு மீட்டர், கூடவே நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல். இங்கேதான் ஒரு தனியார் பயிற்சியாளர் உள்ளே வந்தார். “நேஷனல் செலக்ஷன் நான் பாத்துக்குறேன்மா, ஆறாயிரம் கொடுங்க” என்றார். கொடுத்தேன். விசாரிக்காமல் கொடுத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. விதி என்ன தெரியுமா? அடுத்த கட்டப் போட்டிக்கு மிக வேகமான ஆளைப் பொறுக்கி எடுப்பதில்லை. ஏறக்குறைய ஒரே வேகம் உள்ளவர்களைக் குழு குழுவாகப் பிரிப்பார்கள், அதற்கு டிவிஷன் என்று பெயர். எல்லா டிவிஷன்களிலும் முதலிடம் பெற்றவர்களைச் சேர்த்து, இடம் போதவில்லை என்றால் குலுக்கல் போடுகிறார்கள். பதினெட்டு நொடியில் ஓடியவனும் முப்பது நொடியில் ஓடியவளும், இருவரும் அவரவர் டிவிஷனில் தங்கம் என்றால், குலுக்கலில் இருவருக்கும் ஒரே வாய்ப்பு. குலுக்கலை யார் “பார்த்துக்கொள்ள” முடியும்? பங்கேற்க விளையாட்டு வீரர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அவர்கள் விதியிலேயே இருக்கிறது. செலக்ஷனுக்கு என்று யாராவது பணம் கேட்டால், வாசலிலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

போட்டிக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இருவருக்கும் முழுக் கட்டணம் கொடுத்துப் போனோம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் சலுகை உண்டு என்பது திரும்பி வரும்போது எதிர் சீட்டில் இருந்த ஒரு தாத்தா சொல்லித்தான் தெரியும். அரசு மருத்துவர் கையெழுத்திட்ட ரயில்வே படிவம் வேண்டும், அதை வைத்து ரயில்வே அடையாள அட்டை வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஆகிற வேலை இல்லை. பையில் எடுத்துப் போகும் காகிதங்களில் ஆதாரில் இனிஷியல் முன்னால், மாற்றுத்திறனாளி அட்டையில் பின்னால் என்று இருந்தால் அதையும் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். எங்களைப் பதிவு மேசையில் நாற்பது நிமிடம் நிறுத்தியது அந்த ஒற்றை எழுத்துதான்.

அங்கே இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பள்ளியில் படிவம் நிரப்பியபோது அவனுக்கு 15 வயது. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் பதினாறு ஆனது. போட்டி தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. தனிநபர் விளையாட்டில் 8–11, 12–15, 16–21, 22–29, முப்பதும் அதற்கு மேலும் என்று பிரிக்கிறார்கள். ஆக சின்னப் பையன்களோடு ஓடப்போகிறான் என்று நான் மனதில் போட்டிருந்த கணக்கு போய், மீசை முளைத்த பையன்களோடு நிற்க வேண்டியதாயிற்று.

காலையில் ஹீட்ஸ், அதாவது ஃபைனலுக்கு முந்தைய முதல் ஓட்டம். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருநூறு மீட்டர் ஓடியவள். எங்கள் பி.டி. சார் சொல்வார், “ஹீட்ஸ்ல உசுர குடுத்து ஓடாதீங்க, உள்ள போனா போதும், ஃபைனலுக்கு மிச்சம் வைங்க” என்று. அதையே தம்பியிடம் சொன்னேன். “இப்ப மெதுவா ஓடு தம்பி. மத்தியானம் வேகமா ஓடணும், சரியா?” அவன் நான் சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை. தலையை ஆட்டினான். பக்கத்து லேன் பையனோடு பேசிக்கொண்டே ஜாலியாக ஓடினான். நடுவில் என்னைப் பார்த்துக் கையும் காட்டினான். 21.6 நொடி. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

இந்தப் போட்டியில் ஹீட்ஸ் என்பது ஆளை வடிகட்டுவதற்கு இல்லை. எல்லோரும் ஃபைனலுக்குப் போகிறார்கள். யார் யாரோடு ஓடினால் போட்டி சமமாக இருக்கும் என்று பிரிப்பதற்குத்தான் அந்த முதல் ஓட்டம். ஆண், பெண், வயது பார்த்து, பிறகு காலையில் ஓடிய நேரத்தைப் பார்த்து, மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட டிவிஷன்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு டிவிஷனில் மிக வேகமானவருக்கும் மிக மெதுவானவருக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்க்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு டிவிஷனுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் தனித்தனியாக உண்டு, நான்கு முதல் எட்டு வரை வந்தவர்களுக்கு ரிப்பன். கேட்கும்போதே கண் கலங்க வைக்கிற ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது. காலையில் ஓடுகிறவர் உண்மையாகவே முழு வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். யாராவது வேண்டுமென்றே மெதுவாக ஓடி, மெதுவான டிவிஷனில் புகுந்து தங்கத்தை அள்ளக்கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஃபைனலில் ஹீட்ஸ் நேரத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் முன்னேறினால் தகுதி நீக்கம்.

மத்தியானம் தம்பி ஓடினான் பாருங்கள். விசில் சத்தத்தோடு கிளம்பியவன் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை, சுவர் வரை ஓடி, சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினான். 18.1. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் உள்ளங்கையில் துருப் படிந்தது. தெரியாத ஒரு அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவன் நேராகப் பதக்க மேடைக்குப் போய் ஒன்று என்று போட்ட படியில் ஏறி நின்றுவிட்டான். கூப்பிடவே இல்லை, தானாகப் போய் நின்றான். ஒரு தன்னார்வலர் பெண் வந்து, குனிந்து, அவன் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

கணக்கெழுதுவதுதான் என் தொழில். 21.6இல் 15 சதவீதம் 3.24. கழித்தால் 18.36. அதற்குக் குறைவாக ஓடினால் போச்சு. இவன் 18.1. கால் நொடிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். ஹீட்ஸில் கையைக் காட்டாமல் ஓடியிருந்தாலே இந்த வித்தியாசம் வந்திருக்காது.

பங்கேற்றதற்கான ரிப்பன் ஒன்று கொடுத்தார்கள். “நான்தானம்மா ஃபர்ஸ்ட்டு?” என்றான். ஆமாம் என்றேன். “அப்ப மெடல்?” என்றான். சதவீதத்தை அவனுக்கு எப்படி விளக்குவது? “அம்மா தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்” என்றேன். அவனுக்கு அது புரியவில்லை. அன்று ராத்திரி லாட்ஜில் மூன்று தடவை அதே கேள்வி கேட்டான். மூன்றாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

தங்கம் வாங்கியது 21.3இல் வந்த பையன். அவன் அம்மாமேல் எனக்கு ஒரு நாள் முழுக்க ஆத்திரம் இருந்தது. ரயிலில் வரும்போதுதான் மெல்லத் தெளிந்தது. அந்தப் பையன் காலையிலும் மத்தியானமும் தன்னால் முடிந்ததை ஓடினான். அந்த விதி இல்லாவிட்டால் அவனுக்கு என் மகன் செய்தது பெரிய அநியாயம். விதியில் எனக்கு இன்று மனத்தாங்கல் இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றுகிற கோச்சும், விவரம் தெரியாத ஒரு அம்மாவும் கணக்கில் ஒன்றுதான் என்பது இன்னும் உறுத்துகிறது. தண்டனை போய்ச் சேர்வது பிள்ளைக்கு.

தப்பிக்க ஒரு வழியும் இருந்தது. ஹீட்ஸ் நேரம் பிள்ளையின் உண்மையான திறமையைக் காட்டவில்லை என்றால், ஃபைனலுக்கு முன்பே கோச் எழுத்து மூலம் சரியான நேரத்தைக் கொடுக்கலாம். வயிற்று வலி, பயம், ஷூ கழன்றது, எதுவாகவும் இருக்கட்டும். எங்களோடு கோச்சாக வந்த ஆசிரியர் புதியவர். முந்தைய நாள் கோச் கூட்டம் நடந்தபோது சாப்பாட்டு டோக்கன் வாங்க வரிசையில் நின்றிருந்தார். படிவத்திலும் நான்கு பிள்ளைகளுக்கும் குத்துமதிப்பாக 20 நொடி என்று எழுதி வைத்திருந்தார். ஆட்சேபம் தெரிவிக்க எங்களுக்குச் சொன்ன கெடு அரை மணி நேரம், அதையும் கோச்தான் செய்ய வேண்டும். பெற்றோர் போய் மேசையைத் தட்டினால் எடுபடாது. நான் தட்டினேன், எடுபடவில்லை. ஆகவே வீட்டிலேயே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வாரம் ஒரு தடவை நேரம் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். அதை கோச் கையில் கொடுத்துவிடுங்கள். கோச் கூட்டத்துக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள். இந்தச் சதவீத விதியை இந்தப் போட்டியில் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் அங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.

தாண்டுதலில் மறுநாள் ஐந்தாவதாக வந்தான். அதில் இரண்டு காலையும் சேர்த்துத்தான் எழும்ப வேண்டும். முன்னும் பின்னும் ஆடிக்கொள்ளலாம், ஆனால் பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. அவன் ஒரு சின்னக் குதி குதித்துவிட்டுத்தான் தாண்டுவான், அந்தப் பழக்கத்தால் முதல் இரண்டு முயற்சி வீண். அப்புறம் பெற்றோருக்கு இன்னொன்று. டிராக்குக்குள் போகாதீர்கள், பக்கத்திலேயே ஓடி உற்சாகப்படுத்தாதீர்கள். ஒரு அப்பா பாசத்தில் லேனோரமாகக் கூடவே ஓடி, மகளின் ஓட்டத்தையே சிக்கலாக்கிவிட்டதை அங்கே பார்த்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளருக்கு 6,000, முள் ஷூ 2,400, எக்ஸ்ரேயும் டாக்டரும் 1,300, லாட்ஜ் 3,000, ரயில், ஆட்டோ, சாப்பாடு 3,500. மொத்தம் 16,200. நான்கு நாள் சம்பளப் பிடித்தம் தனி. முள் ஷூ தேவையே இல்லை, அவன் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே பயந்தான். சாதாரண கேன்வாஸில்தான் ஓடினான். விவரம் தெரிந்திருந்தால் பாதிக்கும் கீழே முடித்திருக்கலாம்.

அடுத்த போட்டிக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. விசில் கேட்டால் நாய் துரத்துகிற மாதிரி ஓடணும், காலையிலும் அப்படித்தான், மத்தியானமும் அப்படித்தான். எங்கள் தெரு நாயை அவனுக்குத் தெரியும், அதனால் உடனே புரிந்தது. ஹீட்ஸில் 17.9, ஃபைனலில் 18.0. நான்காவது இடம். ரிப்பனைக் கையில் வாங்கிக்கொண்டு, “மெடல் எங்கம்மா?” என்றான்.

“மூணு பேர் உனக்கு முன்னாடி ஓடிட்டாங்க தம்பி.”

கொஞ்ச நேரம் யோசித்தான். அந்த மூன்று பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “சரி” என்றான். பிறகு புளிசாதம் எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டான்.